அறுபதுக்கு முன்னாலேயே வயலிலிருந்து கரையேறுவது ஏன்?

03-08-2024 – ஒரு வாசகரின் கேள்வி

சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன், வலங்கைமான் பக்கம். மேட்டூர் திறந்துவிட்டார்கள், சம்பாவுக்கு நாற்றங்கால் வேலை ஆரம்பிக்க வேண்டும், ஆள் இல்லை என்று அப்பா புலம்புகிறார். டீக்கடைக்குப் போனால் ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுக்காரர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அரசாங்க வேலைக்காரர் அறுபது வரை போகிறார். இவர்கள் மட்டும் ஏன் அதற்கு முன்பே கை கழுவுகிறார்கள்? இலவச அரிசியும் நூறு நாள் வேலையும் ஆளைச் சோம்பேறி ஆக்கிவிட்டன என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லலாம்.

04-08-2024, காலை

மறுக்கிறேன் தம்பி. முழுசாக இல்லை, முக்கால்வாசி.

நான் நீடாமங்கலம் பக்கம். நானே ஐம்பத்து மூன்றில் வேலையை விட்டு வந்தவன். நீங்கள் பார்த்த பெஞ்சில் என் மாதிரி ஆள் ஒருவராவது இருந்திருப்பார், அவரைச் சோம்பேறி என்று சொன்னால் கோபப்பட மாட்டேன். மற்றவர்கள் கதை வேறு.

முதலில் கணக்கு. ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் வருகிறது. அது சோறு. புளி, எண்ணெய், சர்க்கரை மாத்திரை, பேத்தி சடங்குக்குச் சீர், தெருவில் நாலு கல்யாணத்துக்கு மொய், இதெல்லாம் ரேஷன் கடையில் போடுவதில்லை. நூறு நாள் வேலை என்பது ஒரு குடும்பத்துக்கு நூறு நாள், ஆளுக்கு நூறு நாள் இல்லை. 2024-25-இல் தமிழ்நாட்டுக்குக் கூலி 319 ரூபாய். நூறு நாளும் கிடைத்து, ஒரு பைசா பிடிக்காமல் வந்தாலும் வருஷத்துக்கு 31,900. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போனால் அதையே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இதை நம்பி யார் ஐம்பது வயதில் காலை நீட்டி உட்காருவார்?

இன்னொன்று. உங்கள் அப்பா ஆள் இல்லை என்கிறார். எந்த ஆள் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். நாற்பது வயதுக்காரி இல்லை என்பார். ஐம்பத்தாறு வயதுக்காரி தானே வந்து நின்றால் சேர்த்துக்கொள்வாரா என்றும் கேளுங்கள்.

04-08-2024, இரவு

டீக்கடை பற்றி ஒரு துணைக்குறிப்பு. காலை ஏழு மணிக்குப் பெஞ்சில் இருப்பவர்களில் பாதிப்பேர் மேஸ்திரியின் போனுக்காகக் காத்திருப்பவர்கள். பத்து மணிக்கும் அங்கேயே இருந்தால், போன் வரவில்லை என்று அர்த்தம். பன்னிரண்டு மணிக்கும் இருப்பவர் என் மாதிரி விஆர்எஸ், விருப்ப ஓய்வு வாங்கியவர்.

06-08-2024

அப்பா என்ன சொன்னார் என்று தம்பி இன்னும் எழுதவில்லை. அதற்குள் நான் கண்ணால் பார்த்ததை எழுதிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. என்னைவிட நாலைந்து வயது குறைச்சல்தான், ஆனால் சின்ன வயதிலிருந்தே எல்லாரும் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. நடவில் கெட்டிக்காரி. முன்பு எங்கள் பக்கம் நடவு தினக்கூலி. வேகமாக நடுகிறவளுக்கும் மெதுவாக நடுகிறவளுக்கும் அதே கூலி, கரையில் நிற்கிற மிராசு கத்துவார், அவ்வளவுதான். இப்போது எல்லாம் காண்ட்ராக்ட். ஏக்கருக்கு ஐயாயிரம் சொச்சம் என்று பேசி, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட செட்டு இறங்குகிறது. ஏக்கரை முடித்தால் காசு, சமமாகப் பங்கு. ஒரு நாளைக்கு ஒன்றரை ஏக்கர் முடிக்கிற செட்டுக்கு ஒரு வரும்படி, இரண்டு முடிக்கிற செட்டுக்கு இன்னொரு வரும்படி.

நடவு பார்த்தவர்களுக்குத் தெரியும். குனிந்தபடியே பின்னால் நகர்ந்து போக வேண்டும். இடது கையில் நாற்று முடி, வலது கை சேற்றுக்குள் போய்ப் போய் வரும். பக்கத்தில் இருப்பவள் வேகமாகப் போய்விட்டால், மெதுவாக நடுகிறவளுக்கு முன்னால் நடாத திட்டு மட்டும் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். கரையேறியவர்கள் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். அப்புறம் இரண்டு பேர் திரும்ப இறங்கி அந்தத் திட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் முடித்துக் கொடுப்பார்கள், சிரித்துக்கொண்டே. பத்து நாள் செய்ய மாட்டார்கள்.

அக்காவை யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு தாளடிப் போகத்தில் மேஸ்திரி விடியற்காலையில் எல்லார் வீட்டு வாசலிலும் கூப்பிட்டுவிட்டு, அவர் வீட்டு வாசலில் மட்டும் கூப்பிடவில்லை. மேஸ்திரி வேறு யாருமில்லை, அவருடைய நாத்தனார் மகள்தான்.

"அவ மேல கோவமில்ல அண்ணே. நானும் அந்தக் காலத்துல கெழவிய சேத்துக்க மாட்டேன்னு சண்டை போட்டவதான்" என்றார்.

இதை அரிசி செய்ததா, நூறு நாள் வேலை செய்ததா?

07-08-2024

குடவாசல் நண்பர் கேட்டிருக்கிறார்: மெதுவாக நடுகிறவர்களாகவே ஒரு செட்டு சேர்ந்து, குறைந்த ரேட்டுக்கு எடுக்கக்கூடாதா என்று. அழகான யோசனை. நடக்காததற்குக் காரணம் நாற்று. பறித்த நாற்று கரையில் காய்ந்துகொண்டிருக்கும், உழுத வயலில் சேறு இறுகிக்கொண்டிருக்கும், முறைத் தண்ணீர் போய்விடும். இன்றைக்கே முடிய வேண்டும் என்பதுதான் வயல்காரர் கவலை, ஏக்கருக்கு ஐந்நூறு மிச்சம் பிடிப்பது அவருக்குப் பெரிதில்லை. கிழவிகள் செட்டு இரண்டு நாள் எடுத்தால் முதல் நாளோடு சரி.

11-08-2024

ஒரு வாரமாக இது தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்காவைச் செட்டு விட்டதுகூடப் புதுசில்லை, அவரே சொன்னார், எந்தக் காலத்திலும் விட்டார்கள். புதுசு என்னவென்றால் விட்ட பிறகு போக இடமில்லாதது.

முன்பு இது படிக்கட்டு. மேல்படியில் நடவும் அறுப்பும். முதுகு போனால் அடுத்த படி களையெடுப்பு, உட்கார்ந்து உட்கார்ந்து செய்யலாம், பேசிக்கொண்டே செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் களத்து வேலை: கதிர்க்கட்டு அடித்து முடிந்ததும் பதர் தூற்றுவது, களம் கூட்டுவது, நெல் காயவைத்துக் காலால் கிளறுவது. ஆண்களுக்கு மடை பார்ப்பது, நாற்றங்காலில் குருவி ஓட்டுவது, வைக்கோல் போர் போடுகிற இடத்தில் கை கொடுப்பது, ராத்திரி களத்துக் காவல். எல்லாவற்றுக்கும் கூலி நெல்லாகவே கிடைக்கும். குறைச்சல்தான், ஆனால் கிடைக்கும். எழுபது வயதிலும் ஒருவர் ஏதோ ஒரு படியில் நின்றுகொண்டிருப்பார்.

இப்போது நட்ட மூன்றாம் நாள் களைக்கொல்லி. களையெடுப்பு முக்கால்வாசி போச்சு. அறுப்புக்கு மிஷின் வந்தது, அது அறுக்கும்போதே அடித்துத் தூற்றி நெல்லாகக் கொட்டிவிடுகிறது, ஆக களத்து வேலை மொத்தமும் ஒரே மூச்சில் போச்சு. வைக்கோலைச் சுருட்டிக் கட்ட இன்னொரு மிஷின். போர்செட் (ஆழ்குழாய் மோட்டார்) வந்த இடத்தில் மடை பார்க்க ஆள் எதற்கு, சுவிட்சைப் போட்டால் போதும். மேல்படி இருக்கிறது, தரை இருக்கிறது, நடுவில் இருந்த படிகளைக் காணோம். நாற்பத்தெட்டு வயதில் மேல்படியிலிருந்து கால் வழுக்கினால் நேரே தரைதான்.

சரி, மிஷின் வேண்டாம் என்கிறேனா? இல்லை. எங்களுக்கும் குத்தகைக்கு விட்ட மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலம் இருக்கிறது. தை மாசம் மழை மிரட்டும்போது மிஷினுக்கு முதல் போன் போடுகிறவன் நான்தான்.

12-08-2024

"அந்தக் காலத்தில் பண்ணையில் வயதானவர்களை வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள், இப்போது அந்த ஈரம் இல்லை" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, படிக்கட்டு என்று நான் எழுதியதை அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பண்ணையாளை நினைத்தபோது நினைத்தபடி வெளியேற்றியதால்தான் 1952-இல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டி வந்தது. கூலித் தகராறு முற்றி 1968 டிசம்பர் 25-ஆம் தேதி ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள், பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அதற்கு அடுத்த வருஷம்தான் இந்த ஜில்லாவுக்கு நியாயக் கூலிச் சட்டமே வந்தது. வயதானவருக்கு வேலை இருந்தது என்கிறேன். ஈரம் இருந்தது என்று நான் சொல்லவில்லை.

18-08-2024

என் கதையைக் கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சுருக்கமாக.

தொலைபேசித் துறையில் கேபிள் வேலை, பின்னால் அது பிஎஸ்என்எல் ஆனது. 2019 கடைசியில் விஆர்எஸ் அறிவிப்பு வந்தது. ஐம்பது முடிந்தவர்கள் எல்லாரும் கேட்கலாம். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 35 நாள் சம்பளம், பாக்கி இருக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 25 நாள் சம்பளம், அதன்மேல் ஓய்வூதியம் தனி. நாடு முழுக்க ஏறக்குறைய 78,000 பேர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியே வந்தோம், மொத்த ஊழியர்களில் சரிபாதி. நான் ஒரு சாயங்காலம் பேப்பரில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். போகாமல் இருந்தால் கிடைப்பதற்கும் போனால் கிடைப்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அம்மா அப்போது படுத்த படுக்கை. தெருத்தெருவாகத் தோண்டி நான் போட்ட கேபிளில் பேசுவதற்கு ஆளும் இல்லை, எல்லார் கையிலும் செல்போன். கையெழுத்துப் போட்டேன்.

நானும் அக்காவும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் வீட்டுக்கு வந்தோம். புள்ளிவிவரம் எடுக்கிறவர் வந்தால் இரண்டு பேரையும் ஒரே கட்டத்தில் போட்டுக்கொண்டு போவார்: வேலை செய்யவில்லை, வேலை தேடவும் இல்லை. இந்த விஷயத்தில் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். நான் கணக்குப் போட்டு வந்தவன். அவரை அழைக்கவில்லை.

விஆர்எஸ் வாங்கிய எங்கள் பேட்சில் இப்போது இரண்டு வகைதான். ஒரு பாதி மனை வாங்கி விற்கும் புரோக்கர், மறு பாதி கோயில் கும்பாபிஷேகக் கமிட்டி. நான் இரண்டாவது.

25-08-2024

பட்டுக்கோட்டை அண்ணன் எழுதியது நல்ல விஷயம், அதை விடக்கூடாது. அவர் பக்கம் நெல்லை விடத் தென்னைதான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை சாய்ந்து கிடந்ததை அப்போது எல்லாரும் பார்த்தோம். மரத்துக்காரருக்கு நிவாரணம் பேசினார்கள். மரம் ஏறுகிறவருக்கு?

அண்ணன் கணக்கு இது. புயல் அடித்தபோது ஏறுகிறவருக்கு வயது 47 என்று வைத்துக்கொள்வோம். புதுக் கன்று வைத்துக் காய்க்க, நெட்டை ரகம் என்றால் ஆறேழு வருஷம். மரம் காய்ப்புக்கு வரும்போது அவருக்கு 54. நடுவில் அவர் ஏறவில்லை. திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார், கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார். மரம் ஏறுகிற உடம்பு ஏறிக்கொண்டே இருந்தால்தான் இருக்கும். காலில் தழும்பேறிய தோல் இளகிவிட்டால் திரும்ப வராது. ஆக தோப்பு திரும்பி வந்துவிட்டது, ஆள் வரவில்லை. இப்போது தேங்காய் வெட்ட ஆள் இல்லை என்று தோப்புக்காரர்கள் புலம்புகிறார்கள்.

நெல்லிலும் இதே கதை உண்டு. போன வருஷம் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து அக்டோபர் 10-ஆம் தேதியே மூடினார்கள். குறுவை பல இடத்தில் காய்ந்தது, சம்பா சுருங்கியது. இந்த வருஷம் ஜூன் 12 தவறி ஜூலை 28-இல்தான் தண்ணீர், போர்செட் இல்லாதவருக்குக் குறுவையே இல்லை. முப்பது வயதுக்காரி ஒரு போகம் விட்டால் அடுத்த போகம் வந்துவிடுவாள். ஐம்பத்திரண்டில் ஒரு போகம் சும்மா இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, செட்டில் அவர் இடத்துக்கும் வேறு ஆள் வந்துவிடுகிறது. அவர்கள் வேலையை நிறுத்துவது ஒரு நாளில் முடிவெடுத்து இல்லை. தண்ணீர் வராத ஒரு வருஷம் அந்த முடிவை எடுத்துவிடுகிறது.

01-09-2024

திருபுவனத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: அவர் அப்பாவுக்கு அறுபத்தெட்டு, இன்னும் தறியில் உட்காருகிறார், பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அவர் தார் (ஊடை நூல் கண்டு) சுற்றுகிறார், ஆகவே டெல்டாவில் எல்லாரும் சீக்கிரம் விடுகிறார்கள் என்பது தப்பு.

இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். பட்டுத்தறியில் கண் மங்கினால் நுணுக்கமான வேலையை மகன் பார்ப்பான், அப்பா சாதா உடலை நெய்வார். கால் மிதிக்க முடியாவிட்டால் நூல் இழைப்பது, தார் சுற்றுவது, பாவு பிணைப்பதற்கு உட்காருவது. படிகள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. சுவாமிமலையிலும் பார்த்திருக்கிறேன். அடுப்படியில் உலோகம் உருக்கி ஊற்றுவது இளவட்டம். நிழலில் உட்கார்ந்து மெழுகில் விரலையும் நகையையும் பிடிக்கிறவர், வார்த்த பிறகு சிற்றுளியால் முகத்தைச் சீவுகிறவர், அவர்தான் வயதானவர், அவருக்குத்தான் மரியாதை. கை நடுங்கும்வரை வேலை உண்டு.

உடம்பு தளர்வது எல்லாத் தொழிலுக்கும் ஒன்றுதான். தளர்ந்தவருக்கு உட்கார ஓர் இடத்தைத் தொழில் வைத்திருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். தங்கைக்கு ஒரு கேள்வி: தார் சுற்றுகிற பெரியப்பாவுக்குக் கூலி தனியாக வருகிறதா, சேலைக் கூலிக்குள் அடக்கமா?

02-09-2024

அடக்கமாம். நினைத்தேன்.

15-09-2024

சர்க்கரை பற்றி யாரும் பேசவில்லையே.

எங்கள் ஊரில் ஐம்பது தாண்டிய வீட்டுக்கு வீடு சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-இல் ஆரம்பித்தார்கள், மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம். மாத்திரை கொடுக்கிற அம்மா மறக்காமல் ஒன்று சொல்வார்: "வெறுங்காலோட நடக்காதீங்க, கால்ல புண்ணு வராம பாத்துக்குங்க."

சேற்றில் வேறு எப்படி இறங்குவது? செருப்பு போட்டு நடவு நட முடியாது. கம்பூட்ஸ் போட்டால் கால் புதைந்து, இழுத்தால் கால் மட்டும் வரும், பூட்ஸ் சேற்றுக்குள் இருக்கும். என் சித்தப்பா முறை ஒருவர் வரப்பு வெட்டும்போது நத்தை ஓடு கிழித்து, அதை ஒரு வாரம் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு திரிந்து, கடைசியில் பெருவிரலோடு போனது. அதன் பிறகு தெருவில் சர்க்கரை உள்ள ஆண்கள் பாதிப்பேர் வயலுக்கு இறங்குவதில்லை. வீட்டில் பெண்டாட்டி விடுவதில்லை என்பார்கள், உண்மையில் அவர்களுக்கே பயம்.

வேதாரண்யம் உப்பளத்தில் இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெடிக்கிறது, பாத்தியில் வெயில் பட்டுத் தெறித்துக் கண் போகிறது. அங்கே நாற்பத்தைந்திலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பவர்கள் உண்டு.

16-09-2024

"டாஸ்மாக்கை ஏன் எழுதவில்லை, உங்களுக்குச் சங்கடமா?" சங்கடமில்லை. அதுவும் உண்டு. ஐம்பதுக்கு முன்னால் ஈரல் கெட்டு உட்கார்ந்தவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள், பெயர் சொல்ல முடியாது. ஆனால் கவனித்துப் பாருங்கள், குடியால் விட்டவர்கள் ஆண்கள். நடவுப் பெண்கள் எதனால் விட்டார்கள்?

29-09-2024

பெண்கள் விஷயத்தில் கும்பகோணத்துச் சகோதரி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார், எனக்குத் தோன்றாத கோணம்.

மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள், பேறுகாலம் முடிந்து மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். "அம்மா, நீ இஞ்ச வந்துடு, அந்த வயக்காட்டுல என்னா கெடக்கு" என்கிறாள். அம்மாவுக்கு நாற்பத்தொன்பது. பேரனோடு இரண்டு வருஷம் திருப்பூரில். பேரன் பள்ளிக்கூடம் போனதும் ஊருக்குத் திரும்பினால் மறுபடி செட்டில் இடமில்லை. ஊரார் பார்வையில் அவர் வேலையை விட்டவர். மகளின் சம்பளத்துக்கு அடியில் இந்த அம்மாவின் உழைப்பு இருக்கிறது, அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

சகோதரி சொன்ன இன்னொரு விஷயம், 2021-இல் பெண்களுக்கு டவுன் பஸ் கட்டணமில்லாமல் ஆனதிலிருந்து அவர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஐம்பது தாண்டிய பெண்கள் காலை பஸ்ஸில் கும்பகோணம் வருகிறார்கள். மெஸ்ஸில் காய் நறுக்க, வீடுகளில் பாத்திரம் தேய்க்க, மண்டபத்தில் இலை எடுக்க. வயலை விட்டார்களே தவிர வேலையை விடவில்லை. போகப் பத்து ரூபாய் டிக்கெட், வரப் பத்து ரூபாய் டிக்கெட், இருபது ரூபாய் மிச்சமானதும் அந்த வேலை கட்டுப்படியாகிறது.

சிங்கப்பூர்த் தம்பி இதைக் கவனிக்க வேண்டும். இலவசம் ஆளை உட்கார வைத்தது என்றீர்கள். இந்த இலவசம் ஆளை பஸ் ஏற்றியிருக்கிறது.

ஆம்பளைகளுக்கு மகன் வெளிநாட்டில் இருந்தால் வேறு தொந்தரவு. "நீ மம்புட்டிய தூக்கிட்டுப் போனா என்னய என்னா நெனப்பாங்க" என்று போனில் சண்டை. மாசம் ஐயாயிரம் அனுப்புவான். அப்பா பெருமையாகத்தான் சொல்வார், ஆனால் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் பக்கத்து வயல் மடையை இரண்டு வெட்டு வெட்டிவிட்டு வருவார்.

13-10-2024

ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருக்கும் பத்து வருஷம். கேள்வியின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அரசு ஊழியருக்கு 58 ஆக இருந்ததை 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். விவசாயக் கூலிக்கு அப்படி ஒரு வயது எங்கும் எழுதியில்லை. முதியோர் உதவித்தொகை அறுபதில். 2023 ஆகஸ்டிலிருந்து மாசம் 1,200 ரூபாய், அதில் ஒன்றிய அரசின் பங்கு எண்பது வயது வரை வெறும் 200, மற்றது மாநிலம். அதுவும் வயது மட்டும் போதாது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று விஏஓ முதல் தாசில்தார் வரை நம்ப வேண்டும். மகன் இருக்கிறானே என்பார்கள். மகன் இருக்கிறான், சோறு போடுகிறானா என்று யாரும் கேட்பதில்லை.

பெண்களுக்கு 2023 செப்டம்பரில் உரிமைத்தொகை ஆயிரம் வந்தது, இந்தப் பத்து வருஷ இடைவெளியில் அது பெரிய கைத்தாங்கல், மறுக்க மாட்டேன். ஐம்பத்தைந்து வயது ஆணுக்கு எதுவும் இல்லை. செட்டுக்குக் கிழவன், தாலுகா ஆபீசுக்கு இளைஞன்.

14-10-2024

மேலே எழுதியதை இரண்டாம் தடவை படிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. தம்பி சொன்னதில் கால்வாசிக்கு நான் ஒப்புக்கொண்டது இதற்குத்தான். கையில் ஆயிரம் ரூபாய் நிச்சயமாக வருகிறது என்றால் ஒரு பெண் மேஸ்திரியிடம் போய்க் கெஞ்ச மாட்டாள். முன்பு காலில் விழாத குறையாகக் கேட்டு, பாதிக் கூலிக்கு இறங்குவார்கள். இப்போது "வரல போ" என்று சொல்ல முடிகிறது. வயல்காரர்கள் சோம்பேறித்தனம் என்பது இந்த "வரல போ"வைத்தான். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

27-10-2024

ரேகை. இதை எழுத விட்டுப்போனது.

முப்பது வருஷம் நாற்றுப் பறித்த கை விரலில் ரேகை இருக்காது. அக்காவோடு ஒரு நாள் பேங்க் மித்ரா (ஊரிலேயே வங்கிப் பணம் எடுத்துக் கொடுப்பவர்) வீட்டுக்குப் போனேன். கட்டை விரலை வைத்தார், சிவப்பு. ஆள்காட்டி விரல், சிவப்பு. தலையில் விரலைத் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்தார், சிவப்பு. இடது கைச் சுண்டுவிரலில் பச்சை விழுந்தது. "இந்த வெரல பத்தரமா வெச்சிக்கம்மா" என்றார் அந்தப் பையன். அன்றைக்கு அவர் எடுத்தது ஏரிக்கரை வேலை செய்த நூறு நாள் காசு.

நூறு நாள் வேலையிலும் இப்போது காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ, செயலியில் ஏற்ற வேண்டும். 2023 ஜனவரி முதல் எல்லா இடத்திலும் கட்டாயம். முன்பு வயதானவர்கள் மெதுவாக வந்து, முடிந்ததைச் செய்து, சக்கரை மாத்திரை போட வீட்டுக்குப் போய்விட்டு வருவார்கள். இப்போது போட்டோ நேரத்தில் இல்லாவிட்டால் ஆளே வரவில்லை. ஐந்து பைசாவுக்கு வேலை செய்யாமல் போட்டோவுக்கு மட்டும் நிற்கிற இளவட்டத்துக்கு ஆப்சென்ட் விழுவதில்லை, பாத்ரூம் போன கிழவிக்கு விழுகிறது.

28-11-2024

இரண்டு நாளாகக் கொட்டுகிறது. நட்ட சம்பா தண்ணீருக்குள். கோரையாறு விளிம்பில் போகிறது. மீதி பிறகு எழுதுகிறேன்.

12-01-2025

வடக்கத்திக்காரர்கள் வந்துதான் நம்மூர்ப் பெரியவர்கள் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று இரண்டு பேர் எழுதியிருப்பதற்குப் பதில். மேற்கு வங்கத்துச் செட்டு எங்கள் ஊருக்கும் வந்தது. எல்லாரும் இருபது, இருபத்தைந்து வயது ஆண்கள். கயிறு பிடித்து நேராக நடுகிறார்கள், வயல் ஓரத்திலேயே சமைத்து, மோட்டார் கொட்டகையில் படுத்து, விடிந்ததும் இறங்குகிறார்கள். அக்காவை அவர்கள் விலக்கவில்லை, அவர்கள் வருவதற்கு முன்பே அவர் வீட்டில் இருந்தார். காண்ட்ராக்ட் முறை யாரை முதலில் உதறியதோ அவர் இடத்தைப் பக்கத்துத் தெருப் பெண் எடுத்தாள், பக்கத்துத் தெருப் பெண் இடத்தை இப்போது வங்காளத்துப் பையன் எடுக்கிறான். அவனுக்கும் ஐம்பது வயது வரும், அப்போது அவன் எங்கே இருப்பானோ.

09-02-2025

அறுவடை. ஆத்தூர்ப் பக்கத்து பெல்ட் மிஷின் வந்து எங்கள் தெரு வயலை எல்லாம் ஒரே பகலில் முடித்துவிட்டது. மிஷின் திரும்புகிற மூலையில் கொஞ்சம் கதிர் மடிந்து கிடக்கும். அதைப் பொறுக்க மூன்று பெண்கள் சாக்கோடு பின்னாலேயே போனார்கள், மூன்று பேருக்கும் ஐம்பதுக்கு மேல். மிஷின்காரப் பையன் அவர்களுக்காக மூலையை வேண்டுமென்றே கொஞ்சம் அகலமாக விட்டான் என்று எனக்குப் பட்டது. வயல்காரருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும், பார்க்காத மாதிரி பீடி பற்ற வைத்தார்.

நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்க ஆண்கள் நிற்கிறார்கள். நாற்பது கிலோ மூட்டை. அங்கே ஐம்பது வயதைக் கண்ணால் பார்க்க முடியாது. சாக்கு தைக்கிற இடத்தில் மட்டும் ஒருவர் இருந்தார், தலை முழுக்க வெள்ளை. படி ஒன்று மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விசாரித்தால் அவருக்கு 51.

16-02-2025

சிங்கப்பூர்த் தம்பி கடைசியில் தனிச் செய்தியில் வந்துவிட்டார். அப்பாவிடம் கேட்டாராம், அப்பா "ஐம்பது தாண்டினவள வச்சி நான் என்ன பண்ண" என்றாராம். அதை இங்கே எழுதலாம் என்று அனுமதியும் கொடுத்தார். நல்ல பிள்ளை.

கூடவே, திருப்பூரில் வேலை பார்த்து ஐம்பத்து மூன்றில் ஊர் திரும்பிய மாமாவுக்குப் பிஎஃப் பென்ஷன் வருமா என்று கேட்டிருக்கிறார். பலருக்கும் உதவும் என்பதால் இங்கேயே. சேர்த்துக் கட்டிய காலம் பத்து வருஷம் இருந்தால் 58-இல் பென்ஷன் உண்டு. ஐம்பதுக்குப் பிறகு முன்கூட்டியே கேட்கலாம், ஆனால் 58-க்கு எத்தனை வருஷம் குறைகிறதோ, வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டு, அது ஆயுசுக்கும் அப்படியே நிற்கும். குறைந்தபட்ச பென்ஷன் 1,000 என்பது 2014-இலிருந்து அதே ஆயிரம்தான். கையில் வேறு வருமானம் கொஞ்சமாவது இருந்தால் பொறுப்பது நல்லது.

பத்து வருஷம் நிறையவில்லை என்றால் படிவம் 10சி, நிறைந்திருந்தால் 10டி. மாமா மூன்று கம்பெனி மாறியிருப்பார், மூன்றிலும் தனித்தனி எண் போட்டிருப்பார்கள், முதலில் மூன்றையும் ஒரே யுஏஎன்னில் (பிஎஃப் பொது எண்) சேர்க்கச் சொல்லுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் பத்து வராது, சேர்த்தால் வந்துவிடும். ஆதாரில் இருக்கிற பெயரும் கம்பெனி எழுதிய பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பும், அதனால் இனிஷியலை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

திருச்சி ஆபீசுக்குப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வேறு வேலையாகப் போக வேண்டியிருக்கிறது, கூட்டிக்கொண்டு போகிறேன்.